கேளுங்கள் மாஸ்டர்: பட்டமளிப்பு விழாவும் பள்ளி பேண்டும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஆண்டிறுதி நெருங்குகிறது. பரிசளிப்பு, பட்டமளிப்பு, பிரியாவிடை என்று எல்லாப் பள்ளிகளிலும் மேடை போடுவார்கள். மாணவர்கள் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது எதை வாசிப்பது, எப்படி வாசிப்பது என்று ஆசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள், பெற்றோர் கேட்டிருக்கிறார்கள், பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே கொடுக்கிறேன்.

கேள்வி: வணக்கம் மாஸ்டர். ஜார்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வேலை செய்கிறேன். பேண்டுப் பொறுப்பு இந்த ஆண்டுதான் என்னிடம் வந்தது. பட்டமளிப்புக்கு ஆங்கிலேய இசையமைப்பாளர் எல்கரின் புகழ்பெற்ற ஊர்வல இசை, 'பாம்ப் அண்ட் சர்க்கம்ஸ்டன்ஸ்' முதல் மார்ச் வேண்டும் என்கிறார் தலைமையாசிரியர். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் கொடுத்து நோட்ஸும் (இசை எழுதிய தாள்கள்) வாங்கியாகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் ஓபோ, பசூன், நான்கு ஹார்ன் என்று என்னென்னவோ இருக்கிறது. எங்களிடம் இருப்பது 28 பேர். அதில் ஒன்பது பேர் ஐந்தாம் படிவம், இந்த ஆண்டு பள்ளியை முடிப்பவர்கள். விழாவில் அவர்களே ஊர்வலத்தில் நடக்க வேண்டியவர்கள். டியூபா வாசிக்கும் பையனும் ஹார்ன் வாசிக்கும் இருவரும் அந்த ஒன்பதில் அடக்கம். மிச்சம்: புல்லாங்குழல் 2, கிளாரினெட் 5, ஆல்டோ சாக்ஸ் 3, டெனார் சாக்ஸ் 1, ட்ரம்பெட் 3, ட்ராம்போன் 1, யூஃபோனியம் 1, தாளம் 3. எப்படிச் சமாளிப்பது?
— ஓர் ஆசிரியை, பினாங்கு

பதில்: டீச்சர், உங்கள் கடிதத்திலேயே பட்டமளிப்பு இசையின் உண்மையான சிக்கல் இருக்கிறது. மற்ற எல்லா விழாவுக்கும் பேண்டின் மூத்த பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து வாசிப்பார்கள். இந்த ஒரு விழாவில் மட்டும் அவர்கள் எதிரே நடந்து வருவார்கள். நோட்ஸ் வாங்கிய பிறகு பலர் இதைக் கவனித்துத் திண்டாடுகிறார்கள். நீங்கள் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள். நல்லது.

நோட்ஸில் உள்ள வாத்தியத்துக்கு ஆள் தேடாதீர்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு பார்ட் (அந்தப் பிள்ளை வாசிக்க வேண்டிய வரி) எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் இன்று நான் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

அந்த மார்ச் முழுவதையும் வாசிக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த, விழாவுக்கு வேண்டிய மெட்டு நடுவில் வரும் டிரியோ பகுதிதான். நம் ஸ்வரத்தில் சொன்னால் மேல் சட்ஜத்தில் தொடங்கி ச நி ச ரி என்று ஒரு படி ஏறி, த ப என்று இறங்கும். அடுத்த அடியில் ம க ம ப என்று போய் கீழ் ரிஷபத்தில் நிற்கும். அதை நான்கு எண்ணிக்கை கொண்ட பாராக (நம் தாளத்தில் ஓர் ஆவர்த்தம் போல), 16 பாருக்குச் சுருக்கி எழுதிக்கொள்ளுங்கள்.

எல்கர் டிரியோவை முதலில் ஜி சுருதியில் வைத்திருக்கிறார். வயலினுக்கு அது வசதி. ஊதும் பிள்ளைகளுக்குக் கான்சர்ட் (காதில் கேட்கும்) பி ஃபிளாட்டுக்கு மாற்றுங்கள், நம் கணக்கில் ஆறரைக் கட்டை. சில வாத்தியங்களுக்குத் தாளில் எழுதும் சுருதி வேறு, காதில் கேட்கும் சுருதி வேறு. அப்போது கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் டெனார் சாக்ஸும் சி-யில் படிக்கும், ஆல்டோ சாக்ஸ் ஜி-யில் படிக்கும், ட்ராம்போனும் யூஃபோனியமும் பேஸ் கிளெஃபில் (தாழ்ந்த குரலுக்கான எழுத்துமுறை) பி ஃபிளாட்டிலேயே படிக்கும். யாருக்கும் ஷார்ப்பும் ஃபிளாட்டும் குவியாது.

இனி நான்கே பார்ட். முதல் பார்ட் மெட்டு. இரண்டாவது, மெட்டுக்குக் கீழே ஒட்டியே போகும் துணைக்குரல். மூன்றாவது நடுக்குரல். நான்காவது அடிக்குரல். ஒவ்வொரு பார்ட்டையும் அதை வாசிக்கக்கூடிய எல்லா வாத்தியத்துக்கும் தனித்தனித் தாளில், அந்தந்தச் சுருதியில் எழுதி வையுங்கள். உங்கள் 19 பேரை நான் இப்படிப் பிரிப்பேன். மெட்டுக்கு இரண்டு புல்லாங்குழல், துணிந்து ஊதும் இரண்டு கிளாரினெட், ஒரு ட்ரம்பெட். இரண்டாவதுக்கு இரண்டு கிளாரினெட், இரண்டு ட்ரம்பெட், ஓர் ஆல்டோ. மூன்றாவதுக்கு இரண்டு ஆல்டோவும் மிச்சமுள்ள ஒரு கிளாரினெட்டும். அடிக்குரலுக்கு டெனார் சாக்ஸ், ட்ராம்போன், யூஃபோனியம் மூவரும். எந்தப் பார்ட்டும் ஒரே பிள்ளையின் தோளில் நிற்கக்கூடாது. முக்கியமாக மெட்டும் அடிக்குரலும் அப்படி ஒருவரை நம்பி இருக்கவே கூடாது. விழா நாளில் ஒருவருக்குக் காய்ச்சல் வரும், ஒருவரின் வால்வு சிக்கிக்கொள்ளும். அப்படியும் பாட்டு நிற்காமல் போக வேண்டும்.

இங்கே பலர் அவசரப்படும் ஓர் இடம் இருக்கிறது. சுருதியை மாற்றினால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் கீழே ஒரு தரை உண்டு. ஆல்டோ சாக்ஸ் தாளில் கீழ் பி ஃபிளாட்டுக்குக் கீழே இறங்காது. மெட்டை ஆல்டோவுக்கு ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே எழுதினால் நான்காவது பாரில் வரும் ரிஷபம் அந்தத் தரைக்கும் கீழே போய்விடும். பிள்ளை ஊதிப் பார்த்து, நோட் வரவில்லையே என்று முழிக்கும். ஆகவே ஆல்டோ மெட்டைத் தொடும் இடமெல்லாம் மேல் ஜி-யில் தொடங்கட்டும். புல்லாங்குழலுக்கு இதன் எதிர்ச்சிக்கல். அது கீழ் சி வரை இறங்கும்தான், ஆனால் அங்கே அதன் குரல் மண்டபத்தின் இரண்டாம் வரிசையைத் தாண்டாது. அதை ஓர் ஆக்டேவ் மேலே தூக்கி எழுதுங்கள்.

கிளாரினெட்டில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். மெட்டின் முதல் பாரில் வரும் சி, பி, சி, டி நான்குமே குரலை மேலே தூக்கும் ரிஜிஸ்டர் சாவியை அழுத்தி ஊதும் நோட்டுகள். அடுத்து வரும் ஏ, தொண்டைப்பகுதி நோட்டு. எல்லா விரலையும் மூடியிருந்த பிள்ளை அந்த ஒரு கணத்தில் எல்லாவற்றையும் திறக்க வேண்டும். படிவம் ஒன்று, இரண்டு பிள்ளைகளுக்கு இந்த இடத்தில்தான் கிளாரினெட் கீச்சிடும். அவர்களை இரண்டாம், மூன்றாம் பார்ட்டில் வையுங்கள். அந்தப் பார்ட்டுகளைத் தொண்டை ஏ-க்கு மேலே போகாமல் எழுதுங்கள். அப்படி எழுதினால் பயந்த பிள்ளைகூட வாயை இறுக்காமல் ஊதும். ட்ரம்பெட்டுக்கு, மெட்டு பின்பாதியில் மேலே ஏறும் இடத்தில் கீழ் ஆக்டேவையும் சிறிய எழுத்தில் சேர்த்து எழுதிவிடுங்கள். அன்றைக்கு உதடு எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்து அந்தப் பிள்ளையே தேர்ந்துகொள்ளட்டும். இப்படி ஒரு வழி இருப்பதை ஒத்திகையிலேயே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். கீழே வாசிப்பது கௌரவக் குறைச்சல் என்று எந்தப் பிள்ளையும் நினைக்கக்கூடாது.

முதல் சுற்றில் மெட்டை யூஃபோனியத்திடமும் டெனார் சாக்ஸிடமும் கொடுத்துப் பாருங்கள். புல்லாங்குழலும் ட்ரம்பெட்டும் சும்மா இருக்கட்டும். எல்கரே டிரியோவை முதல்முறை தாழ்ந்த குரலில்தான் கொண்டுவருகிறார், முழு பேண்டும் பிறகுதான் சேரும். அந்த ஒரு சுற்றில் அடிக்குரலுக்கு ட்ராம்போன் தனியாகிவிடும். கீபோர்டு ஒன்றை வைத்து இடக்கையால் அதே வரியை வாசிக்கச் சொல்லுங்கள். பட்டர்வொர்த்தில் ஒரு பள்ளியில் இந்த மாதிரி எழுதிக் கொடுத்தேன். யூஃபோனியம் வாசித்த பெண் அதுவரை எந்தப் பாட்டிலும் நீண்ட நோட்டுகளைத் தவிர வேறெதையும் வாசித்ததில்லை. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது ட்ரம்பெட்டோட பேப்பர், மாத்திக் குடுத்துட்டீங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். உன்னுடையதுதான் என்றேன். பென்சிலை எடுத்துத் தாளின் தலைப்பில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டாள். அடுத்த ஒத்திகைக்கு அந்த மெட்டு அவளுக்கு மனப்பாடம்.

இன்னொன்று. ட்ரம்பெட்டிலிருந்து யூஃபோனியத்துக்கு மாறிய பிள்ளை என்றால் பேஸ் கிளெஃப் படிக்கத் தெரியாது. விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அதைச் சொல்லிக்கொடுக்க உட்காராதீர்கள். டெனார் சாக்ஸின் தாளையே நகலெடுத்துக் கொடுங்கள், சரியாகப் பொருந்தும்.

கேள்வி: சென்ற முறை எங்கள் மண்டபத்தில் பாட்டு முடிந்துவிட்டது, மாணவர்கள் பாதிப் பேர் இன்னும் வாசலில் நின்றார்கள். கடைசிப் பிள்ளைகள் செருப்புச் சத்தத்தோடு நடந்து வந்தார்கள். நேரத்தை எப்படிக் கணக்குப் போடுவது?
— விழாக்குழுச் செயலாளர், ஆயர் ஈத்தாம்

பதில்: அந்தக் கடைசி வரிசைப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனம் வலிக்கிறது. முன்னால் போனவர்களுக்கு இசை, பின்னால் வந்தவர்களுக்கு வெறும் செருப்புச் சத்தம் என்பது நியாயமே இல்லை.

கணக்கு எளிது. உதாரணத்துக்கு 120 பேர், இருவர் இருவராக என்றால் 60 ஜோடி. நான்கு எண்ணிக்கைக்கு ஒரு ஜோடி வாசலைத் தாண்டினால் 240 எண்ணிக்கை. கடைசி ஜோடி வாசலிலிருந்து நாற்காலி வரை நடக்க இன்னும் ஓர் 60 சேருங்கள். மொத்தம் 300. நிமிடத்துக்கு 72 எண்ணிக்கை வேகத்தில் அது 4 நிமிடம் 10 விநாடி. 16 பார் ஒரு சுற்றுக்கு 64 எண்ணிக்கை, ஆக ஐந்து சுற்று வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கை நம்பி ஐந்து சுற்று என்று தாளில் அச்சடித்து விடாதீர்கள். ஒரு பெண்ணின் அங்கி தடுக்கும், ஒரு பாட்டி பேரனைப் படம் எடுக்க வழியில் வந்து நிற்பார். பாட்டு எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றவும், சொன்ன இடத்தில் முடியவும் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத் தனியாக இரண்டு பார் முடிப்பு ஒன்று எழுதுங்கள். தவில்காரர் தீர்மானம் வைப்பதைப் போல, எங்கிருந்து வந்தாலும் சட்ஜத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் முடிப்பு. மெட்டின் பாதியில், எட்டாவது பாரில், பாட்டு பஞ்சமத்தைச் சார்ந்து நிற்கும். அங்கே அப்படியே நிறுத்தினால் பேச்சைப் பாதியில் விட்டதுபோல் இருக்கும். இந்த முடிப்பைச் சேர்த்தால் எட்டிலும் முடிக்கலாம், பதினாறிலும் முடிக்கலாம். நடத்துபவர் இடக்கை முஷ்டியை உயர்த்தினால் அடுத்து வரும் இரட்டைக் கோட்டில் (எட்டாவது அல்லது பதினாறாவது பாரின் முடிவு) முடிப்புக்குத் தாவ வேண்டும். இதை மட்டும் ஒத்திகையில் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் முஷ்டியைக் காட்டுங்கள்.

சுற்றுக்குச் சுற்று ஆள் மாற்றுவதும் உதவும். முதல் சுற்று தாழ்ந்த குரல். அடுத்தது மரவாத்தியம் மட்டும். மூன்றாவதில் பித்தளை சேரட்டும். நான்காவதில் ட்ரம்பெட்டுக்கு ஓய்வு கொடுங்கள். ஐந்தாவதில் எல்லோரும். கேட்பவர்களுக்கும் அலுக்காது, உதடும் தாங்கும். மெட்டில் நீண்ட நோட்டுகள் அதிகம் என்பதால் பக்கத்துப் பக்கத்துப் பிள்ளைகள் ஒரே இடத்தில் மூச்சு வாங்கக்கூடாது. ஒருத்தி இரண்டாவது பாரில், அடுத்தவள் நான்காவதில் என்று பென்சிலால் குறித்துக் கொடுங்கள்.

மண்டபத்தில் ஏர்கோன் உண்டா, காற்றாடியா என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். குளிரில் ஊதும் வாத்தியம் சுருதி இறங்கும், கீபோர்டு இறங்காது. அரை மணி நேரம் முன்பே உள்ளே போய் உட்கார்ந்து ஊதி, அங்கேயே சுருதி சேருங்கள். காற்றாடி என்றால் ஒரு பை நிறையத் துணி கிளிப் கொண்டு போங்கள். ஸ்டாண்டுக்கு இரண்டு.

கேள்வி: நான் இரண்டாம் படிவம். பேஸ் டிரம் அடிக்கிறேன். எனக்குத் தாளில் ஒன்றுமே இல்லை, வெறும் டும் டும்தான். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். வேறு வாத்தியம் கேட்கலாமா?
— ஒரு மாணவன், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: தம்பி, ஆசைப்பட்டால் தாராளமாகக் கேள், அது உன் உரிமை. ஆனால் பட்டமளிப்பு முடியும்வரை பேஸ் டிரம்மை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. அன்றைக்கு அத்தனை அக்கா அண்ணன்களும் நடப்பது உன் கையைக் கேட்டுத்தான். நீ கொஞ்சம் முந்தினால் அவர்கள் ஓடுவார்கள், பிந்தினால் இடித்துக்கொள்வார்கள். நிமிடத்துக்கு 72 என்பது எல்லாருக்கும் முந்தச் சொல்லும் வேகம். அதைப் பிடித்து வைத்திருப்பது பெரிய வித்தை. வீட்டில் மெட்ரோனோமைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் தொடையில் தட்டிப் பார். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் நீயே தட்டி, மறுபடி போட்டு, சேர்ந்திருக்கிறதா என்று பார்.

உன் ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை: பையனுக்கு எல்லா எண்ணிக்கையிலும் அடி வேண்டாம். ஒன்றிலும் மூன்றிலும் போதும். கடைசிச் சுற்றில் சிம்பலையும் அவனிடமே கொடுங்கள்.

கேள்வி: நம் பிள்ளைகள் நடந்துவர எதற்கு ஓர் ஆங்கிலேய மார்ச்? அது ஆங்கிலேயப் பேரரசைப் புகழும் பாட்டுத்தானே? நம் இசையில் ஊர்வலத்துக்கு ஒன்றும் இல்லையா?
— ஒரு தந்தை, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஐயா, உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு. எல்கர் அந்த மார்ச்சை எழுதி, 1901 அக்டோபரில் லிவர்பூலில் முதன்முதலாக வாசித்தார்கள். அப்போது அதில் வார்த்தை கிடையாது. மறு ஆண்டு அரசரின் முடிசூட்டுக்காக அந்த மெட்டுக்குப் பாடல் வரிகள் வைத்தார்கள். நீங்கள் சொல்லும் பேரரசுப் புகழ் அதில்தான் வருகிறது. இங்கிலாந்தில் இன்றும் அது தேசப்பற்றுப் பாட்டுத்தான். பட்டமளிப்போடு அதைச் சேர்த்தது அமெரிக்கா. 1905-ல் யேல் பல்கலைக்கழகம் எல்கருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது, அவரைச் சிறப்பிக்க விழா முடிவில் இதை வாசித்தார்கள். மற்ற பல்கலைக்கழகங்களும் எடுத்துக்கொண்டன. அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் போனது. ஆகவே நாம் வாசிப்பது வார்த்தை இல்லாத மெட்டை, பட்டம் வாங்கும் மாணவருக்காக. எனக்கு அதில் சங்கடம் இல்லை.

நம்மிடம் ஊர்வல இசை இருக்கிறது. சுவாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்தில் கம்பீரநாட்டையில் மல்லாரி வாசிப்பார்கள். அதைக் கேட்டு எழுந்து நிற்காத உடம்பு கிடையாது. ஆனால் மல்லாரியைப் பட்டமளிப்புக்கு எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். அது சுவாமிக்கு உரியது, அங்கேயே இருக்கட்டும். ராகம் எல்லோருக்கும் பொது. கம்பீரநாட்டையில் நீங்களே ஒரு நடை மெட்டு போடுங்கள். ச க ம ப நி, ஐந்தே ஸ்வரம். பி ஃபிளாட்டில் வைத்தால் ட்ரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் சி, ஈ, எஃப், ஜி, பி. ஆல்டோவுக்கு ஜி, பி, சி, டி, எஃப் ஷார்ப். ரிஷபமும் தைவதமும் இல்லாத ராகம் என்பதால் மேல்நாட்டு முறையில் கார்டு அடுக்கப் போனால் ராகம் கலங்கிவிடும். அடிக்குரலுக்குச் சட்ஜமும் பஞ்சமமும் போதும், நீளமாகப் பிடிக்கட்டும். மூன்று பார்ட்டிலேயே முடிந்துவிடும். ஆள் குறைந்த பேண்டுக்கு எல்கரைவிட இது சுலபம் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். மாணவர்கள் உள்ளே வரும்போது ஒன்று, வெளியே போகும்போது மற்றொன்று என்று இரண்டையும் வாசித்தால் உங்கள் பள்ளிக்கு அது இன்னும் அழகு.

கேள்வி: எங்கள் கோயில் நாதஸ்வர வித்துவான் விழாவுக்கு வாசிக்க இசைந்திருக்கிறார். பேண்டோடு சேர்த்து வாசிக்க முடியுமா?
— பெற்றோர் ஆசிரியர் சங்க உறுப்பினர், பட்டர்வொர்த்

பதில்: முடியும், சுருதியை முதலில் கேட்டுக்கொண்டால். பாரி நாயனம் (தாழ்ந்த சுருதியுள்ள நீளமான நாதஸ்வரம்) பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையில் இருக்கும். இரண்டரை என்றால் ஈ ஃபிளாட். பேண்டுக்கு பி ஃபிளாட்டுக்கு அடுத்தபடி வசதியான சுருதியே அதுதான், ஆகவே பாட்டை ஈ ஃபிளாட்டில் எழுதுங்கள். இரண்டு கட்டை என்றால் டி. அங்கே கிளாரினெட் ஈ-யில், ஆல்டோ பி-யில் படிக்க வேண்டிவரும், ஷார்ப் மலையாகக் குவியும். அப்போது சேர்த்து வாசிக்காதீர்கள். வித்துவான் தனியாக வாசித்து மாணவர்களை வாசல்வரை கொண்டுவரட்டும், உள்ளே வந்ததும் பேண்டு எடுத்துக்கொள்ளட்டும்.

சேர்ந்து வாசிக்கும்போது நாதஸ்வரத்துக்கு மைக் வைக்காதீர்கள். அவர் வாசிக்கும் சுற்றில் ட்ரம்பெட்டுக்கு மெட்டு வேண்டாம். பேண்டு நீண்ட நோட்டுகளைப் பிடித்து நிற்க, அவர் கமகத்தோடு மேலே போகட்டும். தவிலும் ஸ்நேர் டிரம்மும் ஒரே நேரத்தில் வேண்டாம். தவில் வரும்போது பிள்ளைகளின் கை மடியில் இருக்கட்டும். இன்னொன்று, அவரை ஒத்திகைக்குக் கூப்பிடும்போது மாணவனை அனுப்பாமல் நீங்களே நேரில் போய் அழையுங்கள், சன்மானத்தையும் அப்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி: தமிழ்ப்பள்ளி எங்களுடையது. பேண்டு கிடையாது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பட்டமளிப்புக்கு ஸ்பீக்கரில்தான் பாட்டுப் போடுகிறோம். பிள்ளைகளுக்கு ரெக்கார்டர் வாசிக்கத் தெரியும். அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?
— இசையாசிரியை, செபெராங் பிறை

பதில்: கட்டாயம் செய்யுங்கள், டீச்சர். ஸ்பீக்கரில் லண்டன் ஆர்கெஸ்ட்ரா வாசிப்பதைவிட நான்காம், ஐந்தாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் வாசித்து அண்ணன் அக்காக்களை வரவேற்பது எவ்வளவோ மேல்.

சுருதி சி, நம் ஒரு கட்டை. வேறு யோசனையே வேண்டாம். எல்கரின் மூலச் சுருதியான ஜி-யில் எழுதினால் மூன்றாவது, நான்காவது பாரில் மெட்டு ரெக்கார்டரின் கடைசித் துளைக்கும் கீழே போய்விடும். சி-யில் தொடங்கினால் முதல் வரி சி, பி, சி, டி, ஏ, ஜி, அடுத்து எஃப், ஈ, எஃப், ஜி, டி. எல்லாமே பிள்ளைகளுக்குத் தெரிந்த விரல்கள். பின்பாதியில் மேலே ஏறும் இடத்தை ரெக்கார்டரிடம் கொடுக்காதீர்கள், கீச்சென்று கத்தும். அதைப் பியானிக்கா (ஊதி வாசிக்கும் சிறு கீபோர்டு) வாசிக்கட்டும், ரெக்கார்டர் கீழே துணைக்குரலுக்கு இறங்கட்டும். பள்ளியில் அங்க்லோங் (ஆட்டி ஒலிக்கும் மூங்கில் வாத்தியம்) செட் இருந்தால் அதிர்ஷ்டம். ஒரு பிள்ளைக்கு ஒரு நோட்டு. சி, எஃப், ஜி என்று மூன்று குழுவாக நிறுத்தி, கை காட்டும்போது ஆட்டச் சொன்னால் கார்டு வந்துவிடும். நோட்ஸ் படிக்கத் தெரியாத பிள்ளையும் அன்றைக்கு வாசிப்பான். அடிக்குரலுக்குக் கீபோர்டு.

யாரையும் விட்டுவிடாதீர்கள். இரண்டே நோட்டு தெரிந்த பிள்ளைக்கு இரண்டே நோட்டில் ஒரு பார்ட் எழுதுங்கள். ஜி-யும் ஏ-யும் மட்டும் தெரியும் என்றால், அந்த இரண்டும் பொருந்தும் பார்களில் மட்டும் ஊதி, மற்ற இடத்தில் எண்ணிக்கொண்டு நிற்கட்டும். சரியாக எண்ணி, சரியான இடத்தில் நுழைவதும் இசைதான்.

கேள்வி: பக்கத்துப் பள்ளி வாங்கிய நோட்ஸை நகலெடுத்து வாசித்தால் தவறா? எல்கர் இறந்து இத்தனை காலம் ஆகிவிட்டதே?
— பேண்டுப் பயிற்சியாளர், கோலாலம்பூர்

பதில்: எல்கர் 1934-ல் காலமானார். நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தவரின் ஆயுளும் அதன்பின் 50 ஆண்டும்தான் உரிமை. ஆகவே அவர் மெட்டு இங்கே எல்லோருக்கும் சொந்தம். பக்கத்துப் பள்ளி வாங்கிய நோட்ஸ் வேறு. அதைப் பேண்டுக்கு ஏற்ப எழுதியவர் இன்று உயிரோடு இருக்கலாம், அந்த உழைப்பு அவருடையது. நகலெடுக்காதீர்கள். எல்கரின் மூல நோட்ஸிலிருந்து நீங்களே எழுதுங்கள், மேலே சொன்ன நான்கு பார்ட்டுக்கு ஒரு வாரம் போதும். சினிமாப் பாட்டை மாற்றி எழுதி வாசிப்பதென்றால் உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

கேள்வி: நம் தேசிய கீதமான நெகாராகூவையும் இதே மாதிரி பிரித்து எழுதலாமா?
— அதே பயிற்சியாளர்

பதில்: வேண்டாம். அதற்கு 1968ஆம் ஆண்டுத் தேசிய கீதச் சட்டம் இருக்கிறது. மெட்டு, வேகம், குரல்கள் எதிலும் கைவைக்கக் கூடாது. அதிகாரபூர்வமான நோட்ஸை முழுமையாக வாசிக்க ஆள் இருந்தால் வாசியுங்கள். இல்லையென்றால் அதிகாரபூர்வமான ஒலிப்பதிவைப் போட்டு எல்லோரும் நின்று பாடுங்கள். பினாங்குப் பள்ளிகள் மாநிலப் பாடலுக்கும் அப்படியே செய்வது நல்லது.

கேள்வி: நான் ஐந்தாம் படிவம், கிளாரினெட். என் கடைசி விழா. நடக்கவும் வேண்டும், வாசிக்கவும் வேண்டும். ஆசிரியர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார்.
— ஒரு மாணவி, ஜெலுத்தோங்

பதில்: தங்கச்சி, உள்ளே வரும்போது நட. வெளியே போகும் பாட்டுக்கு வாசி. உன் ஆசிரியரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. மாணவர்கள் வெளியேறும் இசை ஒரே பாட்டாக இருக்க வேண்டியதில்லை. சான்றிதழ் எல்லாம் கொடுத்து முடித்து நன்றியுரை தொடங்கும்போது, ஐந்தாம் படிவப் பேண்டுப் பிள்ளைகள் பக்கவாட்டில் எழுந்து தங்கள் நாற்காலிக்குப் போகலாம். அவர்கள் கடைசியில் வெளியே போனால் போதும். அதற்காக முதல் பார்ட்டிலும் நான்காவது பார்ட்டிலும் கூடுதல் தாள் எழுதி, காலி நாற்காலியோடு வைத்திருக்கச் சொல். நீங்கள் சேரும்போது பேண்டு மறுபடி முழு பேண்டாகிவிடும். வெளியே போகும் பாட்டு உள்ளே வந்த பாட்டைவிடக் கனமாகக் கேட்கும்.

கிளாரினெட்டைப் பூட்டி ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போ, மூடியைப் போட்டுவை. இரண்டு மணி நேரத்தில் ரீட் காய்ந்திருக்கும், உட்கார்ந்ததும் முதலில் அதை வாயில் வைத்து நனை. அங்கியின் கைப்பகுதி அகலமாக இருந்தால் கீழ்ச் சாவிகளில் மாட்டும், ஒரு ரப்பர் பேண்டை மணிக்கட்டில் போட்டு மடித்துக்கொள். தொப்பியைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்துவிடு. முதல் நான்கு பார் உனக்கு முன்னால் இருக்கும் தங்கைகளே வாசிக்கட்டும், ஐந்தாவதில் நீ சேர்ந்துகொள்.